தாளில் ஓடிய மூளை அலை

பேராதனைப் பல்கலைக்கழகத்தை மகாவலி கங்கை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு கரையில் 1962இல் மருத்துவ பீடம் தொடங்கியது. இத்தீவின் இரண்டாவது மருத்துவ பீடம் அது. மறுகரைக்கு 1964இல் கொழும்பிலிருந்து பொறியியல் பீடம் குடிபெயர்ந்தது. அக்பர் பாலத்தில் ஏறினால் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தே போய்விடலாம். மூளையின் மின்னலை என்ற பொருள் அன்று மருத்துவக் கரைக்கே சொந்தமாக இருந்தது. இன்று அதைப் பற்றி அதிகம் பேசுபவர்கள் மறுகரைக்காரர்கள். கை கால் இழுத்துப்போன ஒருவரின் மூளை அலையைக் கணினியிடம் கொடுத்து, அந்தக் கணினியைக் கொண்டே அவரது கையை அசைக்கும் முயற்சிக்கு மூளை-கணினி இடைமுகம் என்று பெயர். உலகெங்கும் புனர்வாழ்வு மருத்துவத்தில் விரைவாக வளரும் ஆராய்ச்சிகளுள் ஒன்று அது. அந்த வளர்ச்சியை இந்த இரு கரைகளிலிருந்து பார்க்கும்போது பெற்றதும் இழந்ததும் தெளிவாகத் தெரிகின்றன.

அன்றைய மூளை மின்னலைப் பதிவை, அதாவது ஈ.ஈ.ஜி.யை, முதலில் சொல்ல வேண்டும். தலையை நாடாவால் அளந்து, புள்ளி குறித்து, பசை தடவி மின்வாய்களை ஒட்டுவார்கள். எந்தப் புள்ளியில் எது என்பதை வகுத்த 10–20 முறை 1958இல் வெளியானது. இன்றும் அடிப்படை அதுதான். உச்சந்தலையில் கிடைக்கும் அலை மிகச் சிறியது. ஒரு டோர்ச் பற்றரியின் அழுத்தத்தைப் பதினையாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு, நல்ல பலமான மூளை அலைக்குச் சமம். அதைப் பெருக்கி, மைப் பேனாக்களால் ஓடும் தாளில் வரைந்தது இயந்திரம். செக்கனுக்கு 30 மில்லிமீற்றர் வேகத்தில் தாள் ஓடும். இருபது நிமிடப் பதிவுக்கு 36 மீற்றர் தாள் செலவாகும். நரம்பியல் வைத்தியர் அந்தத் தாள்கட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கண்ணால் படித்தார். பத்து செக்கன் ஒரு பக்கம். ஒரு நோயாளிக்கு நூற்றிருபது பக்கம்.

அந்தப் படிப்பிலிருந்து பேராதனை உலகுக்குக் கொடுத்தது கொஞ்சமல்ல. நரம்பியல் பேராசிரியர் நிமால் சேனாநாயக்க, சோறு உண்ணும் வேளையில் வலிப்பு வருகின்றவர்களைப் பற்றியும், கணக்குப் போடும்போதும் சீட்டு ஆடும்போதும் வலிப்பு வருகின்றவர்களைப் பற்றியும் 1987 முதல் 1990 வரை எழுதிய கட்டுரைகள் வலிப்பு நோய் இலக்கியத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. அதே 1987இல், பூச்சிமருந்து குடித்தவர்கள் முதல் ஆபத்திலிருந்து தப்பிய பிறகு, ஒன்றிரண்டு நாள் கழித்துத் தசைகள் செயலிழந்து மூச்சுக்குத் தவிப்பதை லக்ஷ்மன் கரலியத்தவுடன் சேர்ந்து அவர் பதிவுசெய்தார். பத்து நோயாளிகளை வைத்து எழுதப்பட்ட சிறு கட்டுரை அது. உலகின் விவசாய நாடுகளிலெல்லாம் அவசர சிகிச்சைப் பிரிவுகள் அதனால் விழிப்படைந்தன. பெரிய கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. வாட்டில் நோயாளியின் அருகில் நின்று, நாள்தோறும் பார்த்து எழுதிய வைத்தியரின் கவனமே அங்கே கருவி.

அன்று மூளை அலையிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: என்ன நோய்? பதிவு முடிந்ததும் நோயாளி எழுந்து தலையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். அந்த அலையை வைத்து அவர் எதையும் செய்வதில்லை. இன்றைய ஆராய்ச்சி கேட்பது வேறு கேள்வி: இவர் என்ன செய்ய நினைக்கிறார்? இந்தக் கேள்வி மாறியதோடு, படுத்துக் கிடந்து பதிவு கொடுத்தவர் கட்டளை இடுபவராகிறார்.

ஜெர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பேர்கர் மனித மூளையின் மின்னலையை முதன்முதலில் பதிந்தது 1924இல். ஐந்தாண்டுகள் தயங்கி 1929இல்தான் அதை வெளியிட்டார். கணினிக்கும் மூளைக்கும் நேரடித் தொடர்பு சாத்தியமா என்று கலிபோர்னியாவில் ஷாக் விடால் எழுதியது 1973இல். இலங்கையில் கணினி என்பதையே கண்டவர் அரிதாயிருந்த காலம் அது; பேராதனையில் அதற்கெனத் தனித் துறை உருவாக 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1988இல் ஃபார்வெல், டோன்சின் இருவரும் ஆறுக்கு ஆறு என்ற கட்டத்தில் ஆங்கில எழுத்துகளை மின்னவிட்டு, மனத்தில் நினைத்த எழுத்து மின்னும்போது மூளையில் எழும் சிற்றலையைப் பிடித்து எழுத்துக்கூட்டச் செய்தார்கள். 1999இல் ட்யூபிங்கன் நகரில் நீல்ஸ் பீர்பாமரின் குழு, உடல் முழுவதும் முடங்கிப்போன இருவரை மாதக்கணக்கில் பழக்கி, மூளை அலையை மேலும் கீழும் அசைத்துக் கடிதம் எழுத வைத்தது. ஒரு கடிதம் முடிய மணிக்கணக்காகும்.

அதன் பக்கத்தில் இன்றைய எண்களை வைத்துப் பார்க்கலாம். 2021இல் அமெரிக்காவில், மூளைக்குள் மின்வாய் பதிக்கப்பட்ட ஒருவர், கையால் எழுதுவதாக நினைத்து மட்டுமே நிமிடத்துக்கு 90 எழுத்துகள் எழுதினார். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் குழு பேச்சிழந்த ஒருவரின் பேச முயலும் எண்ணத்தை நிமிடத்துக்கு 62 சொற்களாகவும், சான் பிரான்சிஸ்கோ குழு இன்னொருவருடையதை 78 சொற்களாகவும் வெளிக்கொணர்ந்தன. ஆறுதலாகப் பேசும் மனிதரின் வேகம் நிமிடத்துக்கு 150 சொற்கள் வரை இருக்கும். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு நூற்றுக்கு 97 சொற்கள் சரியாக வரும் நிலையை எட்டியது. கால் நூற்றாண்டில் நடந்த மாற்றம் இது.

ஆனால் இந்த எண்கள் எல்லாம் மண்டையோட்டைத் திறந்து பெற்றவை. பேராதனை வாட்டில் படுத்திருப்பவருக்கு இவை இன்னும் செய்தித்தாளில் வரும் சேதிதான். அவருக்கு உண்மையில் நெருங்கிவரும் மாற்றம் வேறொரு பாதையில் வந்தது. அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

தொடக்கத்தில் இந்த ஆராய்ச்சியின் நோக்கம் இழந்ததற்கு ஈடு செய்வது. கை போனால் ரொபோக் கை, பேச்சுப் போனால் கணினித் திரை. 2000க்குப் பிறகு நோக்கம் திரும்பியது: இழந்த கையையே மீண்டும் பழக்க முடியுமா? கையை அசைக்க நினைத்தவுடன், மூளையின் இயக்கப் பகுதியில் செக்கனுக்கு 8 முதல் 13 தடவை துடிக்கும் ஓர் அலை தணிகிறது. கை அசையாவிட்டாலும் அது தணிகிறது. பாரிசவாதத்தில் கை செயலிழந்தவரின் மூளையிலும் இந்தத் தணிவு பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. அந்தக் கணத்தைத் தோலுக்கு மேல் ஒட்டிய மின்வாயால் பிடித்து, அதே கணத்தில் கையில் மாட்டிய கருவி விரல்களை விரித்தால், நினைப்பும் அசைவும் மூளையில் மறுபடி இணையலாம். சேர்ந்து இயங்கும் நரம்புக் கலங்களின் பிணைப்பு வலுக்கும் என்று டொனால்ட் ஹெப் 1949இலேயே எழுதியிருந்தார்.

2013இல் அதே ட்யூபிங்கனில் நடந்த சோதனை இதற்கு நல்ல சான்று. பாரிசவாதம் வந்து நீண்ட காலமாகியும் விரல் அசையாத 32 பேர். எல்லோருக்கும் ஒரே அளவு இயன்மருத்துவப் பயிற்சி. எல்லோர் கையிலும் ஒரே கருவி. ஒரு பாதியினருக்கு அவர்கள் நினைத்த கணத்தில் கருவி அசைந்தது. மறுபாதியினருக்கு நினைப்போடு தொடர்பின்றி அசைந்தது. அசைவின் அளவு இரு பாதியினருக்கும் சமம். தேறியவர்கள் முதற்பாதியினர். கை அசைந்தால் மட்டும் போதாது, தான் நினைத்தபோது அசைய வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் நிறுவியதில்லை. தேறிய அளவும் நேர்மையாகச் சொல்லப்பட வேண்டியது: கை அசைவை மதிப்பிடும் அளவுகோலில் ஏறத்தாழ மூன்று புள்ளிகள். கையை முழுதாக மீட்டுத் தரும் அளவல்ல அது. அசையாத விரலில் ஒரு பிடி தொடங்குவதற்குரிய அளவு.

அதன் பிறகு 2021 ஏப்ரலில் அமெரிக்க மருந்து நிர்வாகம், பாரிசவாதக் கைக்கான மூளை-கணினிக் கருவி ஒன்றுக்கு முதல் அனுமதி வழங்கியது. ‘இப்சிஹேண்ட்’ என்னும் அக்கருவி, பாதிக்கப்படாத மறுபாதி மூளையிலிருந்து சைகையை எடுக்கிறது. இந்தியாவில் கான்பூர் ஐ.ஐ.டி., அல்ஸ்டர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து பதினைந்து ஆண்டு உழைப்பில் உருவாக்கிய கைக்கருவியை 2025இல் அறிவித்தது. முதற்கட்டச் சோதனையில் 8 நோயாளிகள். எட்டும் முப்பத்திரண்டும் சிறிய எண்கள். இந்தத் துறையின் பலவீனமும் அதுவே. ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. அவற்றில் பலவற்றின் பின்னால் நிற்கும் நோயாளிகளை ஒரு வாட்டின் கட்டில்களில் படுக்கவைத்துவிடலாம்.

புனர்வாழ்வு தேவைப்படுபவர் யார் என்பதும் இங்கே மாறிவிட்டது. அன்று இளம்பிள்ளைவாதம் வந்த குழந்தைகள் வந்தார்கள். இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். அதற்கிடையே போர் வந்தது. புனர்வாழ்வு என்றாலே கண்ணிவெடியில் இழந்த கால், அதற்குரிய செயற்கைக் கால் என்று ஏறத்தாழ மூன்று தசாப்தம் கழிந்தது. 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியதும், 2004இல் ராகமையில் செயற்கை உறுப்புப் பயிற்சிக் கல்லூரி தோன்றியதும் அந்தத் தேவையால்தான். இன்று வரிசையில் நிற்பது பாரிசவாதம். கொழும்பு நகரில் எடுக்கப்பட்டு 2015இல் வெளியான கணக்கெடுப்பு, வளர்ந்தவர் ஆயிரத்தில் பத்துப் பேருக்கு மேல் அது வந்துபோயிருப்பதாகக் காட்டியது. போர்க்காயத்தில் கால் இழந்தவருக்கு மூளை நல்ல நிலையில் இருந்தது. செய்து கொடுக்க வேண்டியது காலை. பாரிசவாதக்காரருக்குக் கை அப்படியே இருக்கிறது. அதற்குப் போகும் கட்டளை இல்லை. மரமும் பிளாஸ்ரிக்கும் அறிந்த கைவினைஞர் அன்று தேவைப்பட்டார். இன்று மூளையும் மின்னும் அறிந்தவர் தேவைப்படுகிறார்.

கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருபவர்களுக்கு இந்த வேறுபாடு வயிற்றோடு சம்பந்தப்பட்டது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வலக்கை விரல்களின் நுனிதான் சம்பளம். அன்று அப்படி ஒருவர் விழுந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரி, அதன் பின் நாட்டு வைத்தியரின் தைலம், அதன் பின் லயத்துக் காம்பராவின் மூலை. இன்று 1980இல் திறக்கப்பட்ட பேராதனைப் போதனா வைத்தியசாலை உண்டு, கண்டி தேசிய வைத்தியசாலை உண்டு, திகனவில் புனர்வாழ்வு வைத்தியசாலை உண்டு. பேராதனையிலேயே இயன்மருத்துவத்தில் பட்டம் படிக்கலாம். இந்த வளர்ச்சியைச் சிறிதென்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் செயலிழந்த கையை மீட்கும் பயிற்சி நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது. வாரத்தில் ஒரு நாள் கிளினிக்குக்கு பஸ் ஏறி வருபவருக்கு அது கிடைப்பதில்லை. முதல் சில மாதங்களில்தான் மூளை அதிகம் இளகி இருக்கிறது. அந்த மாதங்களே பலருக்கு வீட்டில் படுத்துக் கழிகின்றன. தைலம் தேய்த்த வைத்தியரிடம் மருத்துவ நியாயம் குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் அந்தக் கையைப் பிடித்தார். அந்த அன்றாடத் தொடுகை போய்விட்டது. அதன் இடத்துக்கு வேறெதுவும் இன்னும் வரவில்லை.

வேலூரைப் பார்த்தால் இது வேறுவிதமாகவும் நடந்திருக்கலாம் என்று தோன்றும். நம்மில் பலர் வைத்தியத்துக்குப் போய்வந்த அதே சி.எம்.சி. தான். அங்கே பணியாற்றிய டொக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நல்ல தசைநாரை எடுத்துச் செத்த விரலுக்குப் பொருத்திவிட்டால் வேலை முடியாது. வேறு விரலுக்குரிய நினைப்பால் இந்த விரலை அசைக்க நோயாளி புதிதாகக் கற்க வேண்டும். அந்தக் கற்றலுக்கு அங்கே இயன்மருத்துவர்கள் வாரக்கணக்கில் கூட அமர்ந்தார்கள். 1966இல் அவரது முயற்சியால் புனர்வாழ்வு நிலையம் எழுந்தது. அதே வளாகத்தின் உயிரியல் பொறியியலாளர்கள் சென்னை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து, ‘புளூட்டோ’ என்ற கைப்பயிற்சி ரொபோவை உருவாக்கி 2021இல் அதைப் பற்றி எழுதினார்கள். ஒரே மோட்டார், மாற்றி மாற்றிப் பொருத்தும் கைப்பிடிகள். அறுபது ஆண்டு அனுபவமுள்ள வாட்டுக்குப் பக்கத்தில் பிறந்ததால்தான் அது அவ்வளவு எளிமையாக இருக்கிறது என்பது என் கணிப்பு.

இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் உயிர்ப்பொறியியல் ஆராய்ச்சிக்கூடம் இப்பாதையில் முன்னே சென்றது. ருவன் கோபுர கையில் அணியும் ரொபோக்களில் உழைத்தார். திலின லலிதரத்ன 2013இல் யப்பானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, மூளை அலையையும் தசை அலையையும் கலந்து ரொபோவை ஆள்வது பற்றி விரிவான ஆய்வுரை எழுதினார். பேராதனைப் பொறியியல் மாணவனுக்கும் இன்று வாசல் திறந்திருக்கிறது, அன்றைய மாணவன் கனவிலும் காணாத அளவுக்கு. கையை அசைப்பதாக நினைத்த 109 பேரின் மூளைப் பதிவுகள், ஒவ்வொருவருக்கும் 64 மின்வாய்களோடு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2009இல் சந்தைக்கு வந்த 14 மின்வாய்த் தலையணி ஒன்றின் விலை அப்போது 299 டொலராக இருந்தது. நூற்றிருபது பக்கத் தாளில் வைத்தியர் கண்ணால் தேடியதுபோல அலையில் வடிவங்களைத் தேடும் வேலையை, சில ஆயிரம் மாறிகளே கொண்ட ஒரு சிறு நரம்பு வலையமைப்பு மடிகணினியில் செய்துவிடுகிறது. 2018இல் வெளியான ‘ஈஈஜிநெட்’ அத்தகையது. முன்பு நோயாளி மாதக்கணக்கில் இயந்திரத்துக்குப் பழகினார். இப்போது இயந்திரம் நிமிடக்கணக்கில் நோயாளிக்குப் பழகிக்கொள்ள முயல்கிறது.

இந்த வசதிக்குள்ளேயே ஓர் இழப்பும் இருக்கிறது. அந்த 109 பேரும் தொண்டு மனத்தோடு பதிவு கொடுத்தவர்கள். பாரிசவாதம் வந்தவர்கள் அல்லர். அவர்களுடைய அலையில் 85 வீதம் சரியாகக் கணித்த மென்பொருள், இரத்தக் கட்டியால் பாதி மூளை காயப்பட்ட அறுபது வயதுக்காரரிடம் தடுமாறும். நல்ல உடல்நிலை உள்ளவர்களிலேயே ஐந்தில் ஒருவர் அளவுக்கு இக்கருவிகளை ஆள முடியாதவர்கள் உண்டு. தாளில் அலையைப் படித்த வைத்தியருக்கு அந்த மனிதரைத் தெரியும். முந்திய நாள் தூக்கமில்லை என்பதும், எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது என்பதும் தெரியும். கோப்பில் இருந்து அலையைப் படிப்பவருக்கு அது தெரியாது.

மொழியும் ஒரு தடை. நிமிடத்துக்கு 62 சொற்கள் என்ற சாதனைக்குப் பின்னால் 125,000 ஆங்கிலச் சொற்களின் பட்டியலும், அடுத்து வரும் சொல்லை ஊகிக்கும் பெரிய ஆங்கில மாதிரியும் நிற்கின்றன. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்று ஒரே மூச்சில் நீளும் தமிழுக்கு அந்தப் பட்டியல் உதவாது, சிங்களத்துக்கும் உதவாது. 36 கட்டத்தில் 26 ஆங்கில எழுத்துகள் அடங்கின. நமக்கு எழுத்து 247 என்று கைவிட வேண்டியதில்லை: உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31ஐ வைத்து, மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தெரிவுசெய்தால் எல்லா எழுத்தும் வந்துவிடும். இதைச் செய்ய வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

மூளைக்குள் பதித்த கருவிகளின் கதையில் இன்னொரு கசப்பும் உண்டு. வலிப்பை முன்கூட்டி எச்சரிக்கும் கருவியை அவுஸ்திரேலிய நோயாளிகளுக்குப் பொருத்திய ‘நியூரோவிஸ்டா’ நிறுவனம் பணமின்றி மூடியபோது, அந்தக் கருவி அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. பார்வையிழந்தோருக்கு விழித்திரைக் கருவி தந்த ‘செகண்ட் சைட்’ அதன் பராமரிப்பையே கைவிட்டது. அன்றைய செயற்கைக் கால் உடைந்தால் உள்ளூர்ப் பட்டறையில் சரிசெய்யலாம். இன்றைய கருவிக்கு எங்கோ ஒரு நிறுவனம் உயிரோடு இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலையே வழக்கமான அறுவைச் சிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. இறக்குமதியில் தொங்கும் எந்தச் சிகிச்சையும் இங்கே எவ்வளவு மெல்லிய நூலில் நிற்கிறது என்பதை அந்த மாதங்கள் காட்டின. அதே ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலக்கம் 9 நிறைவேறியது. தாள்கட்டு வைத்தியசாலை அலுமாரியில் கிடந்த காலத்தில் அப்படி ஒரு சட்டம் தேவைப்படவில்லை; தலையணியின் பதிவு கடல்கடந்த சேவையகத்துக்குப் போகும் காலத்தில் அது மிகத் தேவை.

எனவே இந்தத் தீவுக்கு ஏற்ற பாதை எது என்பதில் எனக்கு ஐயமில்லை. மண்டையோட்டைத் திறக்காத, தோலுக்கு மேல் ஒட்டும் மின்வாய். இங்கேயே செய்து இங்கேயே திருத்தக்கூடிய கைக்கருவி. தமிழிலும் சிங்களத்திலும் பேசும் திரை. இவற்றோடு, நோயாளியின் பக்கத்தில் அமர இயன்மருத்துவர். நான்காவது இல்லாமல் முதல் மூன்றுக்கும் பயனில்லை. ட்யூபிங்கனில் தேறியவர்களும் கருவியால் மட்டும் தேறவில்லை. ஒவ்வொரு நாளும் கருவிப் பயிற்சி முடிந்த பிறகு ஓர் இயன்மருத்துவர் அவர்களுடைய கையைப் பிடித்துப் பழக்கினார்.

பொறியியல் பீடத்தின் இறுதியாண்டு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த செயற்றிட்டத்துக்கு இணையத்திலிருந்து பதிவுகளை இறக்குமுன், ஆய்வொழுக்கக் குழுவின் அனுமதியோடும் பேராசிரியரோடும் பாலத்தைக் கடந்து வாட்டுக்குப் போங்கள். அங்கே இயன்மருத்துவர் எந்த அசைவுக்காக அதிகம் போராடுகிறார் என்று கேளுங்கள். சுகாதார அமைச்சிடமும் ஒன்று கேட்க வேண்டும்: கருவிக்குப் பணம் ஒதுக்கும் நாளில், தோட்டங்கள் வரை போய்ப் பயிற்சி கொடுக்கும் இயன்மருத்துவருக்கும் பதவியும் வாகனமும் சேர்த்தே ஒதுக்குங்கள்.